நீலக்கைக்காரர் வீட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு

நான் வேலை செய்கிற தெருவின் பெயர்ப்பலகையில் ஒரே பெயரை மூன்று எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். மேலே இத்தாலியன், நடுவில் எபிரேயம், கீழே அரபு. முதல் நாள் அதன் கீழே நின்று, இந்தத் தெருவில் யூதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாக்கும், அவர்கள் வழி தவறாமலிருக்க மாநகரசபை செய்த உதவி இது என்று நினைத்துக்கொண்டேன். எபிரேயம் வாசிக்கிற கடைசி ஆளை ஐந்நூறு வருடங்களுக்கு முன்னரே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது காலையில் அந்தத் தெருவால் போகிறவர்கள் பெரும்பாலும் தமிழரும் வங்காளிகளும். எல்லாருடைய கையிலும் வேறு யாரோ வீட்டுக் கதவுகளின் திறப்புக் கோர்வை. எங்கள் எழுத்தில் பலகை இல்லை. எங்களை இன்னும் வெளியேற்றவில்லை என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். முதலில் அனுப்பவேண்டும், பிறகு ஐந்நூறு வருடம் பொறுக்கவேண்டும், அதன் பிறகுதான் பலகை.

பலகைக்கு நேரே உள்ள பழைய மாடிவீட்டின் மூன்றாம் தட்டில் என் எசமானி சிஞ்ஞோரா ரொசாலியா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், தனி ஆள், முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. சமையல், துப்புரவு, மருந்து, நடைக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். என் பெயர் செந்தூரன். அது அவர் வாயில் நிற்காது என்பதால் சாந்தோ. அந்த வீட்டுக் கதவுகள், என்னைப்போல இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் போனாலும் இடிக்காத உயரம். இருந்தும் ஒவ்வொரு கதவிலும் நான் தலையைக் குனிந்துதான் நுழைவேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசல் பதிவு, குனியாவிட்டால் நெற்றியில் இடிக்கும். அங்கே பழகிய கழுத்துக்கு இங்கத்தைய உயரத்தை விளங்கப்படுத்த முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஞ்ஞோரா அதைக் கவனித்து, "என்னைக் கண்டு பயமா?" என்று கேட்டார். "இல்லை, கதவைக் கண்டு," என்றேன். கீழைத்தேயத் தத்துவம் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கனநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஊரின் காவல் புனிதையின் பெயரைச் சூடிய இந்தச் சிஞ்ஞோரா, தன்னை யூதர் என்று சொல்கிறவர். அந்தப் புனிதையின் மலைக்குகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறிப்போவது சைவப்பிள்ளையான நான். பலெர்மோவில் இந்த ஒழுங்கு யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை.

அவர் குடும்பத்துக் கதை இது. அரசன் யூதர்களை வெளியேறச் சொன்னபோது எல்லாரும் துறைமுகத்துக்குப் போனார்கள். இந்த வீட்டிலிருந்த சாயக்காரர் ஒருவர் மட்டும் வெறுமையான நீலச்சாயத் தொட்டிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொண்டார். கப்பல்கள் போன பிறகு மேலே வந்தார். தொட்டி அவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை. இரண்டு கையும் முழங்கைவரை நீலம். அப்படியே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் கேட்டார். தண்ணீர் ஊற்றிய பாதிரியாரின் கையிலும் நீலம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவர்கள் நீலக்கைக்காரர். சிஞ்ஞோராவின் தகப்பனார் இதைச் சொல்லி முடிக்கும்போது எப்போதும் ஒரு வசனம் சேர்ப்பாராம்: "நாங்கள் போகச் சொன்னபோது போகாத ஆக்கள்." வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது அவர் வலப்பக்க நிலைக்காலை விரலால் தொட்டு, அந்த விரலைக் கொஞ்சுவாராம். ஏனென்று மகள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் கதையாக இருந்தவரை ஒரு கரைச்சலும் இல்லை. மிலானில் இருக்கிற மருமகன் ஃபப்ரீட்சியோ இதை நோயாக்கினார். சிஞ்ஞோராவின் தமையன் மகன் அவர், அவரைத் தவிர வேறு சொந்தமில்லை. அத்தை தன்னை யூதர் என்று பார்மசிக்காரியிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் தொலைபேசி எடுத்தார். மூளை குழம்புகிறது, கோடை முடிய ஒரு வைத்தியரோடு வருகிறேன், மிலானுக்குப் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, சிஞ்ஞோரா போட்டுத்தந்த வேலை ஒப்பந்தத்தில் தொங்குகிறது. அவர் மிலான் போனால் அது அறுந்துவிழும்.

"ஃபப்ரீட்சியோ நான் சொன்னால் நம்பமாட்டான்," என்றார் சிஞ்ஞோரா. "அவன் அந்தத் தொலைபேசியின் சின்னக் கண்ணாடிக்குள் இருக்கிறதைத்தான் நம்புவான். நீ அதற்குள்தானே எந்த நேரமும் எழுதிக்கொண்டிருக்கிறாய், சாந்தோ. என்னை அதற்குள் போட்டுவிடு."

நான் எழுதுவது உண்மைதான். எல்லாருமாகச் சேர்ந்து இணையத்தில் எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றின் தமிழ்ப் பதிப்பில் நான் ஒரு தொகுப்பாளன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அப்பா இன்னும் பெருவிரலில்தான் கையெழுத்து வைக்கிறார். அச்சில் வந்தது பொய்யாக இராது என்பது அம்மாவின் நம்பிக்கை, பேப்பரில் சுற்றிவந்த கச்சான் கடலையைக் கொட்டிவிட்டு அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு, உலகத்து அறிவை வைத்திருக்கிற இடத்தில் தானும் ஒரு கல் வைக்கலாம் என்றால் எப்படியிருக்கும்? விதிகளையெல்லாம் பாடமாக்கினேன். முதற்கட்டுரை எங்கள் ஊரைப் பற்றி எழுதினேன். மூன்றாம் நாள் நீக்கிவிட்டார்கள். நம்பகமான ஆதாரம் இல்லை, குறிப்பிடத்தக்க இடமும் இல்லை என்றார்கள். எங்கள் ஊரை முதல்தரம் அழித்தது இராணுவம், இரண்டாந்தரம் ஒரு நிர்வாகி. எனக்குக் கோபம் வரவில்லை. விதி சரிதானே என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

ஆகவே, சிஞ்ஞோராவின் தெருவைப் பற்றி இத்தாலியப் பதிப்பில் ஏற்கெனவே இருந்த கட்டுரையில் நீலக்கைக்காரர் குறித்து நான்கு வசனம் சேர்த்தேன். சிஞ்ஞோரா சொல்லச் சொல்ல எழுதி, பெண்பால் ஆண்பால் எல்லாம் அவரிடமே திருத்தி வாங்கினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டது. நீக்கியவர் 'காத்தோபியாங்கோ' என்ற புனைபெயர்க்காரர். வெள்ளைப்பூனை என்று அர்த்தம். "ஆதாரம்?" என்று ஒரு சொல் எழுதியிருந்தார்.

"குடும்பத்தவரே சொல்கிறார்," என்று எழுதினேன்.

"குடும்பத்தவர் தம்மைப் பற்றிய நம்பகமான ஆதாரம் அல்லர்," என்று பதில் வந்தது.

ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனுசன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒளித்திருந்தவர்கள் தாங்கள் ஒளித்திருப்பதை எங்கேயாவது எழுதிவைத்திருப்பார்களா?" என்று கேட்டார். "இந்தக் குடும்பம் பற்றி இங்கே ஒன்றுமே கிடையாது. நன்றாக ஒளித்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல சான்று." இதையும் வெள்ளைப்பூனைக்கு எழுதினேன். அதே தர்க்கத்தின்படி இந்த ஊரில் ஆவணமில்லாத எல்லாக் குடும்பமும் யூதக் குடும்பம் என்று பதில் போட்டது பூனை. பிழை சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு சீசா என்ற பகுதியிலுள்ள எங்கள் அறைக்கு வந்தபோது, என்னோடு தங்கியிருக்கிற குகன் சோறு போட்டுக்கொண்டிருந்தான். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தில் சிப்பி கழுவுகிறவன், கடல் மணத்தோடுதான் பஸ்ஸில் வருவான், பக்கத்து இருக்கை எப்போதும் அவனுக்கு இலவசம்.

"என்னடா, முகம் செத்துப்போய்க் கிடக்கு? பெர்மெஸ்ஸோவிலை ஏதும் கரைச்சலோ?"

"இல்லை மச்சான். குடுத்த ஆதாரம் காணாதாம்."

"எதுக்கு ஆதாரம்?"

"சிஞ்ஞோரா யூத ஆள் எண்டதுக்கு."

அவன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தான். "நீ தமிழன் எண்டதுக்கு உன்னட்டை என்ன கிடக்கு?"

"பாஸ்போட் கிடக்குத்தானே."

"அதிலை தமிழன் எண்டே போட்டிருக்கு? வடிவாப் பார். பேந்து அந்தப் பூனையட்டைக் கேள், உன்னை என்னெண்டு போடுறது எண்டு."

ஒரு விஷயம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. தகப்பனார் தொட்டதாகச் சொன்ன அந்த வலப்பக்க நிலைக்காலை நான் தடவிப் பார்த்திருந்தேன். தோளுயரத்தில், பல தடவை பெயின்ற் அடித்த மரத்துக்குள், விரல் நீளத்துக்குச் சரிவாக ஒரு பள்ளம். யூதர் வீட்டு நிலையில் வேதவசனச் சுருள் வைத்த சிறு கூடு ஒன்றை அப்படித்தான் சரித்துப் பதிப்பார்களாம். போவோர் வருவோர் அதைத் தொட்டு விரலைக் கொஞ்சுவார்களாம். இதையும் நான் அதே கலைக்களஞ்சியத்தில்தான் வாசித்தேன். படமெடுத்து அனுப்பினேன். "இது உங்கள் சொந்த ஆய்வு. சொந்த ஆய்வு ஏற்கப்படாது," என்றது பூனை. ஆக, பொய் சொல்லக்கூடாது என்பதுபோலவே, கண்ணால் கண்டதையும் சொல்லக்கூடாது. வேறு யாராவது கண்டு அச்சடித்திருக்கவேண்டும்.

அந்த வேறு யாராவதைப் பார்மசிக்காரி கொண்டுவந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெண், ஊர்ப் பத்திரிகையில் எழுதுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். சிஞ்ஞோரா முத்துமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயத்தொட்டிக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அழகு. ஆனால் இன்றைக்கும் வீட்டில் ஏதாவது வழக்கம் இருக்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டார். சிஞ்ஞோரா என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குசினியிலிருந்த பாத்திர அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் சின்னச் சுடர். "வெள்ளிக்கிழமை வெளிச்சத்தை இந்த வீட்டில் ஒளித்துத்தான் வைப்போம்." யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை விளக்கேற்றித்தான் தொடங்குமாம், அந்தப் பெண் உடனே பேனையை எடுத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சுடர் அங்கே இருக்கிறது. ஆகவே எனக்கும் அது பழைய வழக்கமாகத்தான் தெரியும். வந்தவர் சாப்பிட்ட பிஸ்கற் தூள் நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தது. தும்புத்தடியை எடுத்துக் கூட்டினேன். வாசல் பக்கமாக அல்ல, வாசலிலிருந்து உள்ளுக்கு. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளினால் லட்சுமியும் அதோடு போய்விடுவாள் என்பது அம்மாவின் சட்டம். அதிலும் வெள்ளிக்கிழமை. அறை நடுவில் குவித்து, ஒரு பேப்பரால் மூடிவிட்டு, விடியத்தான் அள்ளுவேன்.

"அவர் ஏன் அப்படிக் கூட்டுகிறார்?" கேள்வி என்னைப் பற்றி, ஆனால் கேட்டது சிஞ்ஞோராவிடம்.

"வெள்ளி மாலையில் குப்பையைக் கதவால் தள்ளுவதில்லை," என்றார் சிஞ்ஞோரா, ஏதோ ஆதி முதல் அப்படித்தான் என்பதுபோல.

"இது அம்மா சொல்லித்தந்தது," என்றேன் நான்.

"தாய் வழியாக," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் வேகமாக எழுதினார். யூதர்களுக்கு எல்லாமே தாய்வழிதானாம். யாருடைய தாய் என்று அவர் கேட்கவில்லை. என்னைத் திரும்பவும் கூட்டச் சொல்லிப் படமெடுத்தார், கைகளும் தும்புத்தடியும் மட்டும். நிலைக்கால் பள்ளத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "வெடிப்பு. படத்தில் தெரியாது," என்றார்.

கட்டுரை அரைப்பக்கம் வந்தது. படம் கறுப்பு வெள்ளையில். பழமை தெரியவேண்டுமல்லவா. ஐந்நூறு வருடமாக அணையாத ஒளித்த விளக்கு, வெள்ளி மாலையில் உள்நோக்கிக் கூட்டும் நீலக்கைக்காரரின் கைகள். வெள்ளைப்பூனை அன்றைக்கே வந்து என் நான்கு வசனங்களையும் தானாகவே திரும்பப் போட்டு, விளக்கையும் கூட்டுவதையும் பற்றி இரண்டு வசனம் கூடுதலாகச் சேர்த்து, அடிக்குறிப்பும் இட்டு, எனக்கு நன்றியும் எழுதியது. நான் அந்த அடிக்குறிப்பு இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். சிஞ்ஞோரா வாசித்துக்காட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஃபப்ரீட்சியோவுக்கு அனுப்பச் சொன்னார்.

ஃபப்ரீட்சியோ வைத்தியரோடு வரவில்லை. கட்டிட ஒப்பந்தக்காரரோடு வந்தார்.

"அத்தை, இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீ பிறந்த நாளிலிருந்து சொல்லுகிறேன்."

"நான் சொல்வது, இப்படி விபரமாக," என்று தொலைபேசியைக் காட்டினார். பின்னறை இரண்டையும் வந்துபோகிற பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது, வீட்டுக்கு 'நீலக்கைகளின் இல்லம்' என்று பெயர் வைப்பது என்று அன்றைக்கே முடிவாயிற்று. அத்தை முன்னறையில் இருக்கலாம். அவர் இல்லாமல் இல்லத்துக்கு என்ன மதிப்பு? என் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. ஒரு சின்ன மாற்றம்: வெள்ளிக்கிழமைகளில் விருந்தினர் வந்து அமர்ந்த பிறகே கூட்டவேண்டும்.

இப்படி எல்லாம் சுகமாக முடிந்திருக்கும், நான் சீசா பஸ் நிறுத்தத்தில் தேவி அக்காவைச் சந்திக்காமல் இருந்திருந்தால். எனக்கு முதல் அந்த வீட்டில் வேலை செய்தவர் அவர்தான். மொரீஷியஸ் தமிழர். காவடி எடுப்பார், ஒரு சொல் தமிழ் தெரியாது. நாங்கள் இரண்டு தமிழரும் இத்தாலியனில்தான் கதைப்போம். பத்திரிகையைத் தன் புதிய சிஞ்ஞோரா வீட்டில் பார்த்தாராம். பஸ் வருமட்டும் சிரித்தார்.

"அந்த விளக்கு என்னுடையதல்லவா. நெருப்பு என்றால் வந்துபோகிற ஃபப்ரீட்சியோவுக்குப் பயம். அதனால் முருகனை அலுமாரிக்குள் வைத்து அங்கேயே ஏற்றினேன். போகும்போது முருகனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், கோப்பையை மறந்துவிட்டேன். பிறகு பார்த்தால் சிஞ்ஞோராவே ஏற்றுகிறார். தம்பி, அந்தக் கோப்பையைக் கேட்டு வாங்கித் தருவாயா?"

அறையில் குகனிடம் சொன்னேன். திருத்தப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"விசரே உனக்கு? உதைத் திருத்தினால் மனுசியைக் கொண்டுபோய் இல்லத்திலை விடுவினம். நீ கொழும்புக்குப் போற பிளேனிலை இருந்து ஆதாரம் தேடலாம்."

"பிழை எண்டு தெரிஞ்சும் விடேலுமோ, மச்சான்? படிச்சனாங்கள்தானே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. படிக்காத நான் பேசாமல் சிப்பி கழுவுறன்."

முதலில் சிஞ்ஞோராவிடம் சொல்வது முறை என்று பட்டது. விளக்கு தேவி அக்காவினது, கூட்டுவது என் அம்மாவினது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "அப்படியென்றால் நீங்களும் எங்கட ஆக்கள்தான், சாந்தோ. அந்தக் கப்பல்களில் ஏதோ ஒன்று வழிதவறி உங்கள் பக்கம் வந்திருக்கிறது. அதற்கும் உன் கலைக்களஞ்சியத்தில் ஆதாரம் பார்."

அன்று மாலையே கட்டுரையின் பேச்சுப்பக்கத்தில், தொகுப்பாளர்கள் விவாதிக்கிற இடத்தில், எழுதினேன். படத்திலுள்ள கைகள் என்னுடையவை, வழக்கம் யாழ்ப்பாணத்தது, விளக்கு மொரீஷியஸ்காரருடையது, இவற்றைத் தயவுசெய்து எடுத்துவிடவும் என்று. எழுதி முடித்துவிட்டு, சிஞ்ஞோராவின் மருந்துப்பெட்டியை ஒருமுறை பார்த்தேன். மிலானில் யார் அதைப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு அனுப்பினேன். வெள்ளைப்பூனையின் பதில் மிகப் பண்பானது. தனிமனித சாட்சியம் அச்சிட்ட ஆதாரத்தை மறுக்கமாட்டாது. மேலும், நீங்கள் அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் இவ்விடயத்தில் நடுநிலையற்றவர். இனி இந்தக் கட்டுரையில் கை வைக்கவேண்டாம். அதே கை அடிக்குறிப்பிலிருந்த பத்திரிகைப் படத்தில் கறுப்பு வெள்ளையில் கூட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது நிம்மதியா வெட்கமா என்று தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு நல்ல நித்திரை.

வேலைக்காரர்கள் வந்தார்கள். பின்னறைகளுக்கு நீலம் அடித்தார்கள். வாசலில் பித்தளையில் இரண்டு நீலக்கைகள் பதித்தார்கள். நான் மீன் வாங்கப் போய் வருவதற்குள் பழைய நிலைக்காலைச் சுரண்டி, வெடிப்புகளை எல்லாம் மாவால் நிரப்பி, பளபளவென்று பூசிவிட்டார்கள். தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. அந்த வீட்டில் உண்மையாக ஏதாவது இருந்திருந்தால் அது அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதை நிரப்பித்தான் யூதவீடு செய்து முடித்தார்கள். சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவரை நடைக்குக் கூட்டிப்போகையில் பார்த்தேன், பூச்சின்மேல் அதே உயரத்தில் விரலை வைத்துவிட்டு வந்தார்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணிகளைத் திருப்பி விட்டபோது பார்க்கப் போனோம். வீடு இல்லை, மதில் இல்லை, கிணறு மூடியிருந்தது. எல்லாம் ஒரே வெளி. வந்த உத்தியோகத்தர், "இது உங்கட காணி எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். அப்பா நடந்தார். ஓரிடத்தில் நின்று, தலையைக் குனிந்து, ஒன்றுமில்லாத வெளிக்குள் நுழைந்து, உள்ளே நிமிர்ந்தார். "இஞ்சைதான் வாசல், ஐயா." உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வந்தது. "குனிஞ்சு காட்டினால் காணுமே, அப்பு? கடுதாசி வேணும்." அந்தக் கடுதாசி இன்னும் வரவில்லை. அப்பா அந்த வாசலுக்கு முன்னால் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்.

முதல் விருந்தினராக ஜெர்மன்காரத் தம்பதி ஒன்று வந்தது. நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். வழக்கம்போல வாசலில் குனிந்தேன். பின்னால் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால், மேலே இன்னும் ஓர் ஆள் நிற்கலாம் என்ற உயரத்திலுள்ள கதவின் கீழ் அந்த நெட்டை மனிதர் பக்தியோடு தலையைக் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார், பின்னால் மனைவியும். "இதுவும் வழக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாய் திறக்குமுன், "எப்போதும்," என்றார் உள்ளேயிருந்து சிஞ்ஞோரா.

அவர்கள் அதை எழுதினார்கள். இணையத்தில் விருந்தினர் எழுதுகிற இடத்தில் அல்ல, அச்சுப் பத்திரிகையில். மனைவி பயணப் பத்திரிகைக்காரியாம். சில கிழமைகளில் வெள்ளைப்பூனை புதிய வசனம் ஒன்றைச் சேர்த்திருந்தது: இவ்வீட்டினர் நுழையும்போது தலைகுனிவர். அடிக்குறிப்போடு. அப்பா பெருவிரலாலும் நிரூபிக்க முடியாத எங்கள் வாசலுக்கு, உலகத்தில் முதன்முதலாக, அச்சிட்ட, மூன்றாம் தரப்பு, நம்பகமான ஆதாரம்.

அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். யூதர், கலைக்களஞ்சியம், பூனை ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. வெள்ளைக்காரர் எங்கள் வாசலில் குனிகிறமாதிரிக் குனிகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

"கனக்கக் குனியினமோ, கொஞ்சம் குனியினமோ?"

"கொஞ்சந்தான், அப்பா. தலையை மட்டும்."

"காணாது, தம்பி. நெத்தி அடிபடும். இன்னும் கொஞ்சம் பதிஞ்சு குனியச் சொல்லு."

போன வெள்ளிக்கிழமை புதிதாக நான்கு பேர் வந்தார்கள். வாசலில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பதியவேண்டும் என்று சொன்னேன். பதிந்தார்கள். பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஞ்ஞோரா, பூசிய நிலைக்காலில் ஒரு விரலை வைத்தபடி, முழங்கால் நோகக் குனிந்து தன் வீட்டுக்குள் போனார். ஒருவருடைய நெற்றியிலும் அடிபடவில்லை.